தோழிக்கு மட்டும் ஒரு புதுச் சட்டி

போன வருடம் யுகாதி சமயத்தில் நடந்தது இது. அப்போது நான் மைசூரில் பொறியியல் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். விஜயநகரில் ஒரு வீட்டின் மாடிப் பகுதியை வாடகைக்கு எடுத்து, நானும் என் வகுப்புத் தோழியும் தங்கியிருந்தோம்.

என் சொந்த ஊர் ஹனூர் பக்கம் கௌதள்ளி. அப்பா காட்டு வெள்ளாமையைப் பார்த்துக்கொள்வார், அம்மா மாடுகளைப் பார்த்துக்கொள்வாள். காலையும் மாலையும் கறந்து ஊர் டெய்ரியில் பால் ஊற்றிவிட்டு வந்தால்தான் அவளுக்கு ஒரு நாள் முடிந்ததாகக் கணக்கு. தோழி பெங்களூரில் வளர்ந்த மண்டயம் ஐயங்கார் வீட்டுப் பெண். ரசத்தைச் சாத்தமுது என்பாள். பேச்சுக்கு நடுவே, நம் ‘டீ’ போல, கன்னடத்துக் ‘கணே’யைப் போட்டுக்கொள்வாள். மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தும் எங்களுக்குள் சண்டை என்று எதுவும் வந்ததில்லை. ஆனால் சமையலறையில் ஒரு கோடு இருந்தது. நான் முட்டை பொரிக்கும் வாணலி தனி. அது கீழ்த் தட்டில், என் துடைக்கும் துணியோடு இருக்கும். அவள் அப்படி வைக்கச் சொன்னதில்லை. நானாகத்தான் வைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் எங்கள் கல்லூரியின் சுற்றுச்சூழல் மன்றம் ஒரு சோதனையை அறிவித்தது. ஒரு மாதம் கறி, மீன், முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய், தேன்கூடத் தொடக் கூடாது. உடம்பிலும் மனதிலும் என்ன மாறுகிறது என்று கவனித்து, முடிவில் ஓர் அறிக்கை தர வேண்டும். இருவரும் பெயர் கொடுத்தோம். நான் சேர்ந்ததற்குக் காரணம் மாடுகள் மேல் வந்த கருணை அல்ல. ஒரு மாதத்துக்காவது எங்கள் சமையலறையில் கோடு இருக்காது என்பதுதான். முதல் நாளே என் வாணலியைப் புளி போட்டுத் தேய்த்து மேல் தட்டில், அவள் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் அதைக் கவனித்தாளா என்றுகூடத் தெரியாது.

நான் எதையும் வரிசை போட்டுச் செய்கிறவள். புரதத்துக்கு எது, சுண்ணாம்புச் சத்துக்கு எது, எந்த பிஸ்கட்டில் பால் பவுடர் ஒளிந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் தேடி எடுத்து, வாரத்துக்கு ஒரு சமையல் திட்டம் போட்டேன். தோழிக்கு இதெல்லாம் கிடையாது. அவள் பாட்டுக்குச் சமைப்பாள், சாப்பிடுவாள், படம் எடுத்து மன்றத்தின் குழுவில் போடுவாள்.

இரண்டே வாரத்தில் எனக்கு அவள் மேல் பொறாமை வந்துவிட்டது. காரணங்களை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். ஒன்று, வேர்க்கடலையை ஊற வைத்து அரைத்துப் பாலெடுத்து, அதைத் தயிராக்கும் முயற்சி. நான் தெர்மாமீட்டர் வைத்துச் சூடு பார்த்து உறை விட்டேன். மறுநாள் புளித்த தண்ணீரும் அடியில் சேறும்தான் கிடைத்தன. அவள் இரண்டு மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டு மூடி வைத்தாள். கத்தியால் வெட்டலாம் போல உறைந்திருந்தது. இரண்டு, எனக்கு மாலையானால் தலைவலி. அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாம் “முகம் பளபளன்னு இருக்கே” என்றார்கள். மூன்றுதான் முக்கியம். பிறந்ததிலிருந்து சைவமான அவள் விட்டது பாலும் தயிரும் நெய்யும். நான் அவற்றோடு ஆட்டுக்கறி, கோழி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டிருந்தேன். கடினமான கேள்வித்தாள் எனக்கு, கைதட்டல் அவளுக்கு. ஆனால் இதையெல்லாம் நான் வெளியே காட்டவில்லை. அவள் படங்களுக்கு முதலில் விருப்பம் தெரிவிப்பதும் நான்தான்.

அம்மாவிடம் இந்தச் சோதனையைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. பண்டிகைக்கு ஊருக்குப் போகாததால் சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. யுகாதிக்கு மறுநாள் எனக்கு புராஜெக்ட் ரிவ்யூ இருந்தது. அந்த மறுநாள்தான் எங்கள் பக்கத்தில் கறி நாள். மைசூர்க்காரர்கள் ஹொசதொடகு என்பார்கள். வருடத்தின் தொடக்கத்தில் என்ன செய்கிறோமோ அதுதான் வருடம் முழுக்க நடக்கும் என்பது நம்பிக்கை. அன்றைக்கு வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட வேண்டும்.

ரிவ்யூ முடிந்து மாலையில் நான் வீட்டுக்கு வந்தால், மாடிப்படியில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு பெரிய கேரியர், ஒரு தூக்குப்போசி, ஒரு பாட்டில் நெய்.

“நீ வல்லைன்னா நான் வரக்கூடாதா? கண்ணாஸ்பத்திரிக்கும் ரொம்ப நாளா காட்டோணும்னு இருந்துது. நாலு நாளு இருந்துட்டுப் போறேன். கையக் கழுவிட்டு உக்காரு. நாட்டுக்கோழி, நம்மூட்டுச் சாவல்.”

கேரியரைத் திறந்ததும் வீடு முழுக்க மணம். என் வயிறு ஒரு பக்கம் இழுக்க, வாய் வேறொன்று சொன்னது. “அம்மா, இந்த மாசம் நான் கறி சாப்பிடறதில்ல.”

“விரதமா? எந்தச் சாமிக்கு?”

“சாமிக்கெல்லாம் இல்ல. காலேஜுல ஒரு சோதனை.”

“செரி, கறி வேண்டாம். தயிர் கொண்டாந்திருக்கறேன், ஊத்திக்க.”

“தயிரும் இல்லம்மா. பால், நெய் எதுவும் இல்ல.”

அம்மா முதலில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினாள்.

“எதுக்குப் புள்ள?”

“மாட்டுக்குக் கஷ்டம்னு சொல்றாங்க.”

“ஆரு சொல்றாங்க? நம்ம செவலை போன் போட்டுச் சொல்லுச்சா?”

அம்மா தயிர்த் தூக்குப்போசியின் மூடியை அழுத்தி மூடினாள். “அப்ப நான் கறக்கறது பாவமா?”

அந்தக் கேள்விக்கு மன்றத்தின் கையேட்டில் பதில் இருந்தது. அதை அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. “அப்படியில்லம்மா” என்று முணுமுணுத்தேன்.

“வருசத் தொடக்கத்துல எங்கையால சாப்புட மாட்டேங்கற. வர்ற ஜூலையில புனேவுக்கு வேலைக்குப் போயிருவ. அப்பறம் எப்ப சாப்புடப் போற?” என்று சொல்லிவிட்டுத் தனக்குப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் என் தட்டில் பயறும் சாதமும் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

அதற்குள் தோழி வந்துவிட்டாள். அம்மாவின் முகம் உடனே மாறியது.

“வா அம்மிணி! எளைச்சுப் போயிட்டயே. ஐயமாரு வூட்டுப் புள்ள, கறி மணம் கொமட்டுதா? சன்னலத் தொறந்து உடறேன்.”

“அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல ஆன்ட்டி.”

எனக்குச் சுருக்கென்றது. அம்மிணி என்பது எங்கள் பக்கத்தில் பெண் குழந்தைகளைக் கொஞ்சும் சொல்தான், ஊரெல்லாம் கூப்பிடுவார்கள். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரே ஆள், நான். அன்று நான் வெறும் ‘புள்ள’.

மறுநாள் நாங்கள் கல்லூரிக்குப் போயிருந்த நேரத்தில் அம்மா கண்ணாஸ்பத்திரிக்குப் போய்விட்டு, வரும் வழியில் அடி கனமான ஒரு புதுச் சட்டி வாங்கி வந்திருந்தாள். நாங்கள் வரும்போது அதில் முருங்கைக்கீரையும் தட்டைப்பயறும் வெந்துகொண்டிருந்தன.

“உங்க பாத்திரமெல்லாம் முட்டை பொரிக்கற வாணலியோட ஒண்ணாக் கெடக்குது. இந்தப் புள்ளைக்கு ஆகாது. அதான் தனியா ஒண்ணு வாங்கியாந்தேன்” என்றாள்.

“ஆன்ட்டி, எங்களுக்கு இப்போ எல்லாம் ஒண்ணாத்தான்…” என்று தோழி சொல்லப் பார்த்தாள். அம்மா கேட்கவில்லை. பாத்திரத் தட்டை அவளே ஒழுங்குபடுத்தியிருந்தாள். என் வாணலி பழையபடி கீழே இறங்கியிருந்தது.

அன்று ராகிக் களி கிண்டினாள். தோழி அதைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து மெல்ல, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக் காட்டினாள். “மெல்லப்படாது அம்மிணி. கொழம்புல பெரட்டி அப்படியே முழுங்கோணும்.” தோழி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். தொண்டையில் இறங்கியதும் இருவருக்கும் அப்படி ஒரு சிரிப்பு.

“நன்னா இருக்கும்மா. இன்னும் கொஞ்சம் தாங்கோ.”

ஆன்ட்டி, அம்மாவாகிவிட்டது.

நான் என் தட்டை நீட்டினேன். “உனக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு எனக்கென்ன தெரியும்? நீயே போட்டுக்க” என்றாள் என் அம்மா.

அதே கீரை, அதே களி. எனக்கும் ஆகக்கூடியவைதான். அவள் சாப்பிடாததைத்தான் நானும் சாப்பிடவில்லை. அவளுக்கு அது பிறப்பு, அதனால் மரியாதை. எனக்கு அது நானாக எடுத்த முடிவு, அதனால் திமிர். பொறியியல் படித்த என் மூளைக்கு இந்தக் கணக்கு எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் சரியாக வரவில்லை. அடுத்த நாள் கொள்ளுக் கடைசல், அதற்கடுத்த நாள் வாழைப்பூ. எல்லாம் புதுச் சட்டியில். ஒவ்வொன்றையும் தோழி படம் எடுத்துக் குழுவில் போட்டாள். “யார் சமையல்?” என்று கேட்டவர்களுக்கு “அம்மா” என்று பதில் எழுதினாள். ‘என் ரூம்மேட்டின் அம்மா’ என்றாவது எழுதியிருக்கலாம்.

கடைசியில் அந்தத் தயிர் வந்தது. அம்மா கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம், ஞாயிற்றுக்கிழமை. தோழி சாத்தமுதுச் சாதம் முடித்திருந்தாள். அம்மாவுக்கு மோரோ தயிரோ இல்லாமல் இலையை விட்டு எழுந்தால் அது சாப்பாடே அல்ல. சைவக்காரர்களுக்குத் தயிர் ஆகும் என்பது அவளுக்கு உலகமறிந்த உண்மை. பால் கூடாது என்பது தன் மகளுக்குப் பிடித்திருக்கும் பைத்தியம் மட்டுமே என்று அவள் நினைத்திருந்தாள். ஊரிலிருந்து கொண்டு வந்த தயிரைக் கரண்டியால் வழித்து, கேட்காமலே தோழியின் சாதத்தில் போட்டுவிட்டாள்.

தோழி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லப் போகிறாள், அம்மாவின் முகம் மாறப் போகிறது என்று, உண்மையைச் சொன்னால், ஆவலோடு காத்திருந்தேன். அவள் குனிந்து பிசைந்தாள். ஒரு வாய் வைத்தாள். கண் கலங்கிவிட்டது.

“சாரி கணே. கனவுலகூட எனக்குத் தயிர்தான் வர்றது” என்றாள் என்னிடம். பிறகு தட்டைப் பார்த்தபடியே, “தயிரை விட்டேன்னு சொன்னதும் எங்கம்மா போனை வெச்சுட்டா. அப்புறம் பேசவே இல்ல. உங்கம்மா பஸ் ஏறி வந்திருக்கா. நீ குடுத்து வெச்சவ” என்றாள்.

அது என் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்ததுதான் கண்ணில் நின்றது. “புள்ளைன்னா இப்படி இருக்கோணும்” என்றாள். விதியை மீறியவளுக்குக் கொஞ்சல், காப்பாற்றியவளுக்கு ஒன்றுமில்லை.

தோழி துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனதும் நான் சமையலறைக்குப் போனேன். சாதாரணமாக நான் குரல் உயர்த்துகிறவள் இல்லை. அன்றும் உயர்த்தவில்லை. ஆனால் நான் பேசிய விதம் அதைவிட மோசம் என்று இப்போது தோன்றுகிறது. குறை ஒன்று, குறை இரண்டு என்று அடுக்கினேன். புதுச் சட்டி, களி, அம்மிணி, தயிர். “எனக்காகத்தானே வந்த? வந்த நாள்ல இருந்து அவளுக்குத்தான் ஆக்கிப் போடற. பேசாம அவளையே மகளா வெச்சுக்க” என்று முடித்தேன்.

அம்மா சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“ஆமா, அவளுக்குத்தான் ஆக்கிப் போட்டேன். எதுக்குன்னு நெனச்ச?”

தேய்க்கும் நாரைக் கீழே வைத்தாள்.

“பள்ளிக்கூடம் போற காலத்துல இருந்து கீரை தின்னு, கீரை தின்னுன்னு உங்கிட்டக் கெஞ்சினேன். ஒரு வாய் தின்னியா? காலையில பால் குடிக்காம நீ வூட்டத் தாண்டினதில்ல. இப்ப கீரையும் திங்கற, பாலையும் உட்டுட்ட. நான் சொல்லிக் கேக்காத நீ, இவ கூட இருந்துட்டு எல்லாத்தையும் கேக்கற. என்னதான் இருக்குது அந்தப் புள்ளைகிட்டன்னு பாக்கோணுமல்ல? அவ வாய்க்கு என்ன புடிக்குது, எப்படிப் பேசறா, எதச் சொல்லி உன்ன மயக்கினான்னு பாக்கத்தான் பக்கத்துல உக்கார வெச்சு ஆக்கிப் போட்டேன்.” தண்ணீரைத் திறந்து கையைக் கழுவினாள். “எனக்கு அவ மேல எரியுது புள்ள. நாலு நாளா எரியுது. பாத்தா, நல்ல புள்ளையாவும் இருந்து தொலைக்குது. அதான் இன்னும் எரியுது.”

இந்த நான்கு நாளும் நான் அம்மாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது தோழியையே பார்க்கிறதே என்று. அது அன்போடு பார்க்கிறதா, அளந்து பார்க்கிறதா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. என்னிடமும் அதே கண்தான் இருந்தது என்பதும் தெரியவில்லை.

“எனக்கும் எரியுதும்மா” என்றேன் கடைசியில்.

“உனக்கு என்னடி எரிச்சல்?”

“அவ தயிர் உறையுது. எனக்கு உறைய மாட்டேங்குது.”

“கூறு கெட்டவளே” என்றாள் அம்மா. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வையைத்தான் துடைத்தாள் என்று நான் இன்னமும் நம்ப முயற்சி செய்கிறேன். சோதனையை நான் எதற்காக ஒப்புக்கொண்டேன் என்று அப்போதுதான் அவளிடம் சொன்னேன். வாணலி கதையைச் சொன்னேன். “யாரும் மயக்கலம்மா. தனித்தனியா வெச்சு அலுத்துப் போச்சு” என்றேன். அவள் பாத்திரத் தட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலை, கிளம்புவதற்கு முன் அம்மா கேட்டாள்: “நீ காலையில எழுந்ததும் என்ன குடிப்ப?”

“வரக்காப்பி. வெல்லம் போட்டு.”

“அதையே எனக்கும் போடு.”

என் அம்மா பால் காப்பி இல்லாமல் வாசல் தெளித்ததைக்கூட நான் பார்த்ததில்லை. கறந்த சூட்டோடு பாலை ஊற்றி, மேலே ஆடை மிதக்கக் குடிப்பவள். எது கைக்கு வந்ததோ அதை அடுப்பில் வைத்தேன். அது அந்தப் புதுச் சட்டி. அம்மா பார்த்தாள், தடுக்கவில்லை. டிகாக்ஷனில் வெல்லம் கரைத்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். வேப்பிலைக் கசாயம் குடித்த குழந்தையின் முகம்.

அப்போது தோழி எழுந்து வந்து அந்த முகத்தைப் பார்த்துவிட்டாள். “அம்மா, என்ன இது! இருங்கோ, கீழ கடையில பால் வாங்கிண்டு வரேன். ரெண்டே நிமிஷம்.”

“வேண்டாம் கண்ணு. எம்மவ போட்டுக் குடுத்துது போதும்” என்றாள் அம்மா.

அடி வரை குடித்தாள். கரையாத வெல்லத்தைக்கூட டம்ளரைச் சாய்த்து விரலால் வழித்து எடுத்தாள். எனக்கு உள்ளே பட்டாசு வெடித்தது போல இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பில் தோழியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வாசற்படியில் ஒரு கையில் பையோடு நின்றபடி, அம்மாவின் கையிலிருந்த காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நாளாகக் கண்ணாடியில் நான் பார்த்துக்கொண்டிருந்த முகம் அது. அப்போதுதான் அவள் தட்டைப் பார்த்தபடி சொன்னது எனக்குள் ஏறியது. அந்தப் பட்டாசு அங்கேயே நமத்துப் போனது.

கொள்ளேகால் பஸ்ஸில் அம்மாவை ஏற்றிவிட இருவருமே போனோம். வழியில் நான்தான் தோழியிடம், “உங்கம்மாவுக்கு நீயே போன் பண்ணேன். தயிர் சாப்பிட்டேன்னு சொல்லு” என்றேன். அவள் பஸ் ஸ்டாண்டின் தூண் ஓரமாகப் போய் நின்று பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. நீண்ட நேரம் பேசினாள். அம்மாவின் பஸ் கிளம்பியபோதும் பேசிக்கொண்டேதான் கை அசைத்தாள்.

மாதம் முடிந்ததும் நான் பாலுக்குத் திரும்பிவிட்டேன், கறிக்கும்தான். அறிக்கையில் எடை, தூக்கம், தலைவலி, களைப்பு என்று எல்லாவற்றையும் தலைப்பு போட்டு ஒழுங்காக எழுதினேன். இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியாததால் விட்டுவிட்டேன். இப்போது புனேயில் வேலை பார்க்கிறேன். இங்கே யாராவது என்னிடம் காரணமே இல்லாமல் முகம் திருப்பிக்கொண்டால், நான் என்ன தப்பு செய்தேன் என்று வரிசை போடுவதை விட்டுவிட்டு, யாரிடம் என்னைப் பறிகொடுத்துவிட்டதாக இவர் பயப்படுகிறார் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.